பெயிண்ட் விளம்பரத்துக்கு அடுத்து வந்தது

எழுதத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்தது கொஞ்சம் அதிகப்படிதான். பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நிற்பேன். இந்த வயதிலும் அப்படித்தான். காகிதம் நம் முகத்தைப் பார்க்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தது ஒரு டிவி. கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு எங்கள் போர்ட் பிளேரிலும் நெட் நன்றாக வருகிறது. என் மகள் செல்வி போன மாதம் சுவரில் மாட்டுகிற பெரிய டிவி ஒன்றை வாங்கி வந்தாள். மாதாமாதம் ஏதோ பணம் கட்டினால் அதில் நாடகமெல்லாம் விளம்பரமே இல்லாமல் வருமாம்.

"இனிமே நீ விளம்பரத்தப் பாத்து திட்ட வேண்டியதே இல்லம்மா" என்றாள்.

நான் திட்டுகிறவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. அழுகைக் காட்சியில் நாமும் கண்ணைத் துடைக்கிற நேரம் பார்த்து, இரண்டு மடங்கு சத்தத்தில் ஒருவன் வந்து பல்லைக் காட்டுவான். ஃபோனில் இன்னும் மோசம். செருப்பு அறுந்துவிட்டது என்று செல்வியிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அன்று சாயங்காலமே என் ஃபோனில் செருப்பு செருப்பாக வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது இதை?

ஆகவே சந்தோஷமாகப் புது டிவி முன்னால் உட்கார்ந்தேன். மாமியாரும் மருமகளும் சண்டை. மருமகள் படாரென்று கதவைச் சாத்தினாள். கதவு சாத்தினால் பிரேக் வரும் என்பது எத்தனை வருட அனுபவம்! எழுந்து போய்க் குழம்பைக் கிளறினேன். திரும்பி வந்தால் கதவைச் சாத்தியவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். என்ன ஆயிற்று, யார் தள்ளிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. கேட்கலாமென்றால் செல்வி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தன் ஃபோனில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்திப் பின்னால் தள்ளிப் பார்க்கலாமாம். ஒரு வீட்டில் நடந்ததை இப்படித் தள்ளித் தள்ளிப் பார்ப்பது எனக்கு என்னவோ போலிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டிவி வந்த பெட்டி இன்னும் மூலையில் கிடந்தது. அதிலிருந்து புது பிளாஸ்டிக் வாசனை வந்துகொண்டே இருந்தது. அந்த வாசனை எனக்கு வேறொரு இடத்து வாசனை. முதன்முதலில் எங்களுக்குக் கொடுத்த தார்ப்பாயின் வாசனை.

நாங்கள் கச்சால் தீவுக்காரர்கள். அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே வந்து ரப்பர் பால் வெட்டினார்கள். நான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்து அடுத்த லயத்துக்கே வாழ்க்கைப்பட்டவள். சுற்றி எல்லாம் தமிழ். இந்தி என்றால் கடையில் 'கித்னா' என்று விலை கேட்கிற அளவுதான். பிறகு தண்ணி வந்தது. சுனாமி என்று நீங்கள் சொல்வதை நாங்கள் இன்றைக்கும் 'தண்ணி வந்த அன்னிக்கு' என்றுதான் சொல்கிறோம். அதில் யார் யார் போனார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுத வரவில்லை.

நாங்கள் மூன்று பேர் மிஞ்சி, கப்பலில் போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் செல்வியும். செல்விக்கு அப்போது ஏழு வயது. கப்பல் முழுக்க என் இடுப்பை விட்டுக் கையை எடுக்கவில்லை. இறங்கிய பிறகு கடல் தெரிகிற பாதையில் நடக்க மாட்டாள். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிப் பக்கம் போனால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். பஸ்ஸில் கடல் பக்கத்து ஜன்னலில் யாராவது துணி போட்டு மறைக்க வேண்டும்.

முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள், பிறகு தார்ப்பாய், அதற்குப் பிறகு நகரத்துக்கு வெளியே ஒரு மேட்டில் வரிசையாகத் தகர வீடுகள். ஷெல்டர் என்பார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரம். பக்கத்து வீட்டில் தும்மினால் நாம் 'நூறு' சொல்லலாம். மழை பெய்தால் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது, வெயிலடித்தால் பேசவே தெம்பு இருக்காது.

அவருக்கு ஹேடோ ஜெட்டியில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. அங்கே கிரேன் ஓட்டிய ஒருவர் மெயின்லேண்டுக்கே திரும்பிப் போகும்போது தன் பழைய டிவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பின்பக்கம் பானை வயிறு போல் இருக்கிற டிவி. எல்லார் முகமும் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். எங்கள் வரிசையில் இருந்தது அந்த ஒரு டிவிதான்.

ஆகவே சாயங்காலம் எல்லாரும் எங்கள் வீட்டில். நாங்கள் இருந்த நிலைமையில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை எனக்கு. அவர்களாகவே வந்தார்கள். வலது பக்கத்து வீடு ஷெஃபாலி தீதி. தீதி என்றால் அக்கா. ஹட் பே என்ற இன்னொரு தீவுக்காரி, வங்காளி. வீடும் காய்கறித் தோட்டமும் உப்புத் தண்ணீரில் போயிற்று. புருஷன் அங்கே மண்ணைச் சீர்செய்து பார்க்கிறேன் என்று போயிருந்தார், இவள் இங்கே காத்திருந்தாள். இடது பக்கத்து வீடு அப்பாராவ் அண்ணன், தெலுங்கு மீன்காரர். படகு போய்விட்டதால் அடுத்தவர் படகில் போய்க்கொண்டிருந்தார். கதவு நிலையில் சாய்ந்து உட்காருவாரே தவிர உள்ளே வரமாட்டார். "என் மேல மீன் வாசன" என்பார். அங்கே எல்லார் மேலும் ஏதோ ஒரு வாசனை இருந்தது.

போட்டது தமிழ் நாடகம். ஷெஃபாலி தீதிக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள். பிரேக் வந்ததும் என் பக்கம் திரும்புவாள்.

"பிரேக் ஆ கயா. போல், செல்வி கி மா. க்யா ஹுவா?"

பிரேக் வந்துவிட்டது, என்ன நடந்தது சொல் என்கிறாள். நான் எதைச் சொல்வேன்? எனக்கு இந்தியும் வராது, வாயும் வராது. முதல் நாள் "சாஸ்… ரோத்தி" என்றேன். மாமியார் அழுகிறாள், அவ்வளவுதான். "அது எனக்கும் தெரியுதே, ஏன் அழறா?" என்று இந்தியில் விடாமல் கேட்டாள். ஏன் என்று சொல்ல எனக்கு இன்னும் நாலு வார்த்தை வேண்டியிருந்தது. மறுநாள் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்றவர்கள் பேசுவதை முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன்.

இப்படியே என் இந்தி வளர்ந்தது. பிரேக் முடிவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும், ஆகவே எல்லாம் சுருக்கம். புருஷன் என்பதற்குச் சொல் தெரியாமல் ஹீரோ என்றேன், கெடுக்கிறவர் யாரானாலும் வில்லன். "ஹீரோவோட அம்மா வில்லன்கிட்ட சாவி கொடுத்துட்டா" என்று இந்தியில் சொன்னால் ஷெஃபாலி தீதி தலையில் அடித்துக்கொள்வாள். "ஃபிர்?" என்பாள். அப்புறம்? அதற்குள் பிரேக் முடிந்துவிடும்.

அப்பாராவ் அண்ணன் எனக்குச் 'சமாச்சார்வாலி' என்று பெயர் வைத்தார். செய்தி வாசிக்கிறவள். விளம்பரங்களோடு அவருக்குத் தனிப் பகை இருந்தது. சோப்பு விளம்பரம் வந்தால் டிவியைப் பார்த்தே கேட்பார், "ஏம்மா, இது போட்டா மீன் வாசன போகுமா? அத மட்டும் சொல்லு."

விளம்பரத்தில் வருகிற பொருளும் எங்களுக்குச் சீக்கிரம் வராது. கப்பலில் அல்லவா வர வேண்டும்! டீத்தூள் வாங்கினால் கண்ணாடி டம்ளர் இலவசம் என்று ஒரு விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. ஜங்லிகாட் பஜாரில் ராவுத்தர் கடையில் அந்த டீத்தூள் வந்தபோது என் வீட்டுக்காரரைத் தூதனுப்பினேன், எனக்குக் கேட்க வெட்கம்.

"பாய், டம்ளர் எங்க?"

"அது மெயின்லேண்டுக்குத் தம்பி. நம்ம டம்ளர் நீந்தி வந்துகிட்டிருக்கு, வந்ததும் தரேன்."

அதிலும் பெரிய வேடிக்கை பெயிண்ட் விளம்பரம். தகரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, அரண்மனை மாதிரி வீடுகளுக்கு வண்ணம் பூசுவதைப் பார்ப்போம். ஷெஃபாலி தீதி ரொம்ப அக்கறையாகப் பார்ப்பாள். "ரசோயிக்கு மஞ்சள்" என்று சமையலறைக்கு நிறம் முடிவு செய்தாள். வீடே இல்லை, அதற்குள் சமையலறை மஞ்சளாகிவிட்டது. அடுத்த நாள் அதே விளம்பரத்தைப் பார்த்து, "நை, பச்சை" என்று மாற்றிக்கொள்வாள்.

பெயிண்ட் விளம்பரத்துக்கு அடுத்ததுதான் எங்களுக்கு ஆகாதது. அதுவும் ஒரு சோப்புதான். ஒரு பெண் கரையில் சிரித்துக்கொண்டு நிற்பாள். பெரிய அலை ஒன்று எழும்பி வந்து அவள் மேல் உடையும். திரை முழுக்க நீலத் தண்ணீர், வீடு முழுக்க அந்த ஓசை.

முதல் தடவை அது வந்தபோது செல்வி கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். வெளியே இழுக்கவே முடியவில்லை. எங்கள் வீட்டுக்குள் வர யாரும் செருப்பைக் கழற்றி, கூப்பிட்டு, கேட்டுத்தான் வருவார்கள். இந்தக் கடல் மட்டும் கேட்காமல் வந்தது. மற்ற விளம்பரங்களை வாயால் திட்டினேன். அதை மட்டும் மனதார வெறுத்தேன்.

டிவியை விற்றுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். மறுநாள் பெயிண்ட் விளம்பரம் முடியும் நேரம், என்றைக்கும் உள்ளே வராத அப்பாராவ் அண்ணன் எழுந்து உள்ளே வந்தார். டிவிக்கு முன்னால் போய், எங்களைப் பார்த்தபடி லுங்கியை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தத்தை நான் குறைத்தேன். அலை வந்து அவர் முதுகில் உடைந்து போயிற்று.

"கதம்", முடிந்தது என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. பெயிண்ட் முடிந்தால் அவர் எழுந்துவிடுவார். சில நாள் டிவிக்காரன் வரிசையை மாற்றிவிடுவான், அன்று மட்டும் பாய்ந்து வருவார். கடலையே நம்பிப் பிழைக்கிற மனுஷன், ஒரு குழந்தைக்காக அதை முதுகால் மறைத்து நின்றார். அவருக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. டீ கொடுப்பேன், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது ஒரு பேச்சு கிளம்பியது. அவரவர் தீவில் வீடு கட்டப் போகிறார்கள், கச்சால்காரர்கள் அடுத்த கப்பலில் திரும்பிப் போகலாம், ஒரு சாப், அதாவது அதிகாரி, நேரில் வந்து விசாரிக்கப் போகிறார் என்று. மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். என்னால் முடியவில்லை. வீடு தருகிறார்கள், நல்லதுதான். ஆனால் இந்தப் பிள்ளையை எப்படிக் கப்பலேற்றுவது? பரீட்சை வரைக்கும் இருக்க விட்டால்கூடப் போதும். அதற்குள் கொஞ்சம் தெளிந்துவிடாதா?

சாப் வருகிற அன்று பார்த்து ஹேடோவில் கப்பல் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் போயே ஆக வேண்டும்.

"நீயே சொல்லிடு புள்ள" என்றார்.

"நானா? ஏங்க, எனக்கு வாயே வராதுங்க."

"தெனமும் டிவி முன்னாடி அவ்ளோ பேசுறியே?"

"அது பிரேக்லங்க."

ஷெல்டர் நடுவில் மரத்தடியில் மேசை போட்டு சாப் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. எனக்குப் பின்னால் ஷெஃபாலி தீதி. பக்கத்திலேயே வேடிக்கை பார்க்க அப்பாராவ் அண்ணன்.

"கச்சால்?" என்றார் சாப். தலையாட்டினேன். "அடுத்த ஜஹாஸில் போகிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார். ஜஹாஸ் என்றால் கப்பல். அது எனக்கு நன்றாகவே தெரியும். பதில்தான் வரவில்லை. முந்தானை கைக்கு வந்துவிட்டது. மறுபடி கேட்டார். நான் அவர் மேசைக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை கேட்டுவிட்டு, 'சரி, போவார்கள்' என்று எழுதிவிடுவார் என்பது தெரிந்தது. தெரிந்தும் முந்தானையைத்தான் திருகினேன்.

அப்போது அவர் ஃபோன் அடித்தது. "ஏக் மினிட்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

இடுப்பில் ஒரு குத்து விழுந்தது. ஷெஃபாலி தீதி.

"பிரேக் ஆ கயா. ஜல்தி போல். க்யா ஹுவா?"

பழக்கம் என்பது பெரிய விஷயம். நான் சாபை மறந்து அவள் பக்கம் திரும்பிவிட்டேன். தகரத்துக்கு அடியில் பாயில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே ஆகிவிட்டது. கடகடவென்று இந்தியில் சொன்னேன். என் ஹீரோ ஹேடோவில் மூட்டை இறக்குகிறான். அதனால் இன்றைக்கு வரவில்லை. ஒரே பெண். கப்பலைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுகிறாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போகிறாள். இந்த ஊர் ஸ்கூலில்தான் இப்போது கொஞ்சம் சிரிக்கிறாள்.

"வில்லன் கௌன்?" என்றாள் ஷெஃபாலி தீதி, வில்லன் யாரென்று தெரியாதவள் போல.

"சமுந்தர்" என்றேன். கடல்.

அவள் தலையாட்டினாள். பிறகு, "ஃபிர்?"

"பிறகு இந்த சாப் வந்தார். கப்பலேறச் சொல்கிறார்."

"சாபும் வில்லனா?"

"பதா நஹி. இன்னும் தெரியல. அவர் பிரேக்கில் இருக்கார்."

அப்பாராவ் அண்ணன் தொண்டையைச் செருமினார். திரும்பிப் பார்த்தேன். சாப் பேசி முடித்து, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டாரோ! பூமி பிளந்தால் போய்விடலாம் போல் இருந்தது எனக்கு. தண்ணீருக்குத் தப்பியவள் இப்படி நினைக்கக் கூடாதுதான்.

"பிரேக் கதம்" என்றார் சாப். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. "பச்சி எங்கே?" குழந்தையைக் கேட்கிறார்.

"ஸ்கூல்ல" என்றேன்.

"எவ்வளவு நாள் வேணும்?"

"பரீட்சை வரைக்கும்."

என்னவோ எழுதினார். "சலோ, பரீட்சை தக்" என்றார். சரி, பரீட்சை வரைக்கும். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாராவ் அண்ணன் அதை வரிசை முழுக்க நடித்துக் காட்டினார். "சமாச்சார்வாலி சாபையே பிரேக்ல போட்டுட்டா!" என் வீட்டுக்காரருக்குக் கதை புரிய வைக்க எனக்கு ஒரு முழு பிரேக் தேவைப்பட்டது. கேட்டுவிட்டு, "நான் ஹீரோவா?" என்று மட்டும் கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பரீட்சை முடிவதற்குள் அவருக்கு ஜெட்டி வேலை நிலைத்துவிட்டது. நாங்கள் கச்சாலுக்குத் திரும்பவேயில்லை. சிலர் அதற்கு எங்களைக் குறை சொன்னார்கள். சொல்லட்டும். அந்த நாட்களில் ஒரு நாள், அப்பாராவ் அண்ணன் வழக்கம்போல் லுங்கியை விரித்து நின்றபோது, செல்வி தரையில் குனிந்து அவர் கால்களுக்கு நடுவில் எட்டிப் பார்த்தாள். முழுதாகப் பார்த்தாள். "அந்தக்கா சிரிக்கிறா" என்றாள். அண்ணன் அடுத்த நாளும் எழுந்து வந்து நின்றார். ஆனால் லுங்கியை விரிக்கவில்லை.

ஷெஃபாலி தீதி ஹட் பேக்குப் போய்விட்டாள். அங்கே வீடு கொடுத்தார்கள். சமையலறைக்கு மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை, எல்லா வீட்டுக்கும் அடித்த ஏதோ ஒரு நிறம். நாடகம் அப்போதும் முடிந்தபாடில்லை. அவளிடம் டிவி இல்லை. சாயங்காலம் பிரேக் வருகிற நேரம் பார்த்து ஃபோன் செய்வாள். "போல், க்யா ஹுவா?" பெயிண்ட் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். நான் இங்கிருந்து சொல்வேன், அவள் கடலுக்கு அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்கும். பிரேக் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைத்துவிடுவோம்.

இப்போது அதே மாதிரிக் கதைகள் அவள் ஃபோனில் வங்காளத்திலேயே வருகின்றன. நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு நல்லதுதான். தகர வீடுகளைப் பிரித்துவிட்டார்கள், அந்த மேட்டில் இப்போது புதர். பானை வயிற்று டிவி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்பாராவ் அண்ணன் காலமாகிவிட்டார். பெயிண்ட் விளம்பரத்தில் வந்த வீடுகளையும் அலையில் நின்று சிரித்த பெண்ணையும் எவ்வளவோ நாளாகப் பார்க்கவில்லை. அந்தப் பெண் மேல் எனக்கு இப்போது கோபமும் இல்லை, அவளுக்கு என்ன தெரியும் பாவம். நான் இந்தி கற்ற பள்ளிக்கூடம் அந்த விளம்பர நேரம்தான். அதுவும் இப்போது மூடியாயிற்று.

நேற்று செல்வி காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு, "என்னம்மா, புது டிவி புடிக்கலியா?" என்று கேட்டாள். நல்லா இருக்கு, தெளிவா இருக்கு, யார் முகமும் பச்சையாக இல்லை என்றேன். மறுநாள், அதாவது இன்று காலை, மழை தூறியது. செல்வி குடையை எடுத்துக்கொண்டு சாத்தம் ஜெட்டியில் படகேறி, கடலுக்கு அக்கரையில் இருக்கிற பாம்பூ ஃபிளாட்டுக்கு வேலைக்குப் போனாள்.